சூப்பர்டோமை நிரப்பியவர், அடுத்த தெருவில் யாரென்றே தெரியாதவர்: கறுப்பின மக்களிடம் மட்டும் கொடிகட்டிப் பறந்த கலைஞர்கள்

வேம்பு

ஃபிராங்கி பெவர்லி என்ற பெயரை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? மேஸ் என்ற இசைக்குழுவின் பாடகர். 2024 செப்டம்பர் 10 அன்று 77 வயதில் காலமானார். அந்த வாரம் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கேட்கும் வானொலி எதைத் திருப்பினாலும் இவர் குரல்தான். அதே வாரம் எனக்குத் தெரிந்த வெள்ளைக்கார அமெரிக்கர்களிடம், அதுவும் வீடு முழுக்க ரெக்கார்டு அடுக்கி வைத்திருக்கும் ஆட்களிடம், பேச்சுக் கொடுத்தால் “யார் அவர்?” என்றார்கள்.

இவர் ஒன்றும் சந்துமுனைப் பாடகர் இல்லை. பிறந்தது ஃபிலடெல்ஃபியா. பிரபல சோல் பாடகர் மார்வின் கே இவர்களைத் தன் கச்சேரிகளில் சேர்த்துக்கொண்டு, குழுவின் பெயரையே மாற்ற வைத்தார். 1977-ல் முதல் ஆல்பம். அதன் பிறகு தங்கத்தட்டுகள் வரிசையாக வந்தன. எசன்ஸ் என்ற கறுப்பினப் பெண்கள் பத்திரிகை தன் 25ஆம் ஆண்டுக்காக 1995-ல் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் ஒரு விழா தொடங்கியது. அது வருடா வருடம் நடக்கும் திருவிழாவாகவே ஆகிவிட்டது. 2009 வரை அதன் கடைசிக் கச்சேரி மேஸுக்குத்தான். பெவர்லி வெள்ளை உடையில் வருவார், கூட்டமும் வெள்ளை உடையில் வரும்.

இத்தனைக்கும் பில்போர்டு பத்திரிகையின் பொதுப் பாட்டுப் பட்டியலான ஹாட் 100-ல் முதல் நாற்பதுக்குள் இவர்கள் பாட்டு ஒன்றுகூட வந்ததில்லை. கறுப்பின இசைக்கான பட்டியலில் 1985-லும் 1989-லும் முதலிடம். கிராமி ஒன்றும் கிடையாது.

ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே ஊர். அப்படியிருக்க ஒருவர் ஒரு பாதிக்குக் குலதெய்வமாகவும் மறுபாதிக்கு முன்பின் தெரியாதவராகவும் எப்படி இருக்க முடியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ரெக்கார்டு

வேம்பு, பதில் பாதிக்கு மேல் அந்தப் பட்டியல்களிலேயே இருக்கிறது. பில்போர்டு பத்திரிகை 1942-ல் ‘ஹார்லம் ஹிட் பரேட்’ (ஹார்லம் என்பது நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் பகுதி) என்று தனிப் பட்டியல் போட ஆரம்பித்தது. 1945-ல் அது ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’. 1949-ல் ‘ரிதம் அண்ட் புளூஸ்’, 1969-ல் ‘சோல்’, 1982-ல் வெளிப்படையாகவே ‘பிளாக் சிங்கிள்ஸ்’, 1990-ல் மறுபடி ‘ஆர் அண்ட் பி’. பெயர்ப்பலகைதான் மாறியது, வேலி அதே இடத்தில் நின்றது. இந்தப் பட்டியலிலிருந்து தாண்டி அந்தப் பட்டியலுக்குப் போவதைத்தான் ‘கிராஸ்ஓவர்’ என்கிறார்கள். ரெக்கார்டு கம்பெனிகளிலும் கறுப்பின இசைக்குத் தனிப் பிரிவு, தனி விளம்பரப் பணம்.

வானொலியும் அப்படித்தான். ராக் நிலையங்கள் எழுபதுகளின் கடைசியில் கறுப்பினக் குழுக்களை ஏறக்குறைய மொத்தமாக ஒதுக்கின. 1981-ல் வந்த பாட்டு வீடியோ சேனலான எம்டிவியும் அதே வழியில் போனது. 1983-ல் ராக் பாடகர் டேவிட் போவி அந்தச் சேனலுக்கே பேட்டி கொடுக்கும்போது, ஏன் கறுப்பினக் கலைஞர்களை இவ்வளவு குறைவாகக் காட்டுகிறீர்கள் என்று நேருக்கு நேர் கேட்டார். அப்போது மேஸ் உச்சத்தில் இருந்த காலம்.

இன்னொரு ஆளையும் சொல்கிறேன், வானொலித் தொகுப்பாளர் டாம் ஜாய்னர். 1985-ல் இரண்டு நிலையங்கள் வேலை கொடுத்தன. காலை நிகழ்ச்சி டல்லஸில், மதிய நிகழ்ச்சி சிகாகோவில். மனிதர் இரண்டையும் ஒத்துக்கொண்டு தினமும் விமானத்தில் போய்வந்தார். சுமார் எட்டு வருடம்! 1994-ல் நாடு முழுக்கப் பல நிலையங்களில் ஒலிக்கும் காலை நிகழ்ச்சி தொடங்கி 2019 வரை நடத்தினார். கறுப்பின வீடுகளில் காலைக் காப்பியோடு இவர் குரல்தான். வெளியே போய் டாம் ஜாய்னர் என்றால் முழிப்பார்கள்.

கணக்கன்

எல்லாம் சரி, ஆனால் இதில் அதிசயம் என்ன இருக்கிறது? ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் என்று வெள்ளையர் அதிகம் கேட்கும் கன்ட்ரி இசைப் பாடகருக்கு முதலிடம் பிடித்த பாட்டுகள் எக்கச்சக்கம். ஹார்லமில் போய் அவரைப் பற்றிக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? அவரவர் ருசி, அவரவர் கூட்டம். இதற்குப் பண்பாட்டு அடையாளம், வேலி, சுவர் என்று பெரிய வார்த்தையெல்லாம் எதற்கு?

சிகாகோ மல்லிகா

கணக்கன் சார், கன்ட்ரி பாடகருக்கு எந்த ஊரிலும் லாட்ஜில் அறை கிடைத்தது. வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

1920களில் டோபா என்று ஒரு நாடகக் கொட்டகைக் கூட்டமைப்பு இருந்தது. கறுப்பினக் கலைஞர்களை ஊர் ஊராக அனுப்பும் ஏற்பாடு அது. சம்பளம் சொற்பம், பயணம் சாகடிக்கும். அந்தப் பெயரின் எழுத்துகளுக்கு ஆட்டக்காரர்களே ஒரு கெட்ட வார்த்தை விரிவாக்கம் வைத்திருந்தார்கள். பிறகு வந்ததுதான் சிட்லின் சர்க்யூட். சிட்லின் என்றால் பன்றிக்குடல் சமையல், அடிமைக் காலத்திலிருந்து தொடரும் ஏழைச் சாப்பாடு. நியூயார்க்கின் அப்பல்லோ, வாஷிங்டனில் ஹோவர்ட், ஃபிலடெல்ஃபியாவில் அப்டவுன், பால்டிமோரில் ராயல், எங்கள் சிகாகோவில் ரீகல், இவற்றுக்கு நடுவே தெற்கில் எத்தனையோ சின்னக் கொட்டகைகள், தகர ஷெட்டுகள். எந்த ஊரில் எந்த வீட்டில் தங்கலாம், எங்கே சாப்பாடு போடுவார்கள் என்று பார்க்க ஹார்லம் தபால்காரர் விக்டர் கிரீன் 1936-லிருந்து வெளியிட்ட வழிகாட்டிப் புத்தகம் ஒன்று கையில் இருக்க வேண்டும். வெள்ளையர் அரங்குகளில் இடம் இல்லாததால் உருவான பாதை இது. ருசி வேறு என்பதால் வந்ததில்லை.

நகைச்சுவைக் கலைஞர் மாம்ஸ் மேப்லியைப் பாருங்கள். 1894-ல் வட கரோலினாவில் பிறந்தவர். இந்தப் பாதையில்தான் தொழில் கற்றார். தொளதொள வீட்டு கவுன், தலையில் தொங்கும் தொப்பி, பல்செட்டைக் கழற்றிவிட்டுப் பொக்கைவாயோடு மேடைக்கு வருவார். கூட்டத்தைப் பார்த்துப் பிள்ளைகளே என்று கூப்பிடுவார். கிழவிதானே, என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று ஆட்கள் அசந்திருக்கும்போது வெள்ளை அரசியல்வாதி, கிழட்டுப் புருஷன் யாரையும் விடாமல் குத்துவார். அப்பல்லோவில் பல பத்தாண்டு ராணி. முதல் முறை தொலைக்காட்சியில் தோன்றியது 1967-ல், பாடகர் ஹாரி பெலஃபாண்டே தயாரித்த ஒரு சிறப்பு நிகழ்ச்சியில். எழுபது தாண்டிவிட்டது அப்போது. வெள்ளை அமெரிக்கா “அட, புதுசாக ஒரு பாட்டி!” என்றது. 1975-ல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ரெட் ஃபாக்ஸும் அப்படித்தான். 1956-லிருந்து பச்சையான நகைச்சுவை ரெக்கார்டுகள், ஐம்பதுக்கு மேல். கடையில் கவுன்டருக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள், வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு விருந்தாளிகளோடு போட்டுக் கேட்பார்கள். 1972-ல் தொலைக்காட்சித் தொடர் கிடைத்தபோது அவருக்கு 49 வயது.

ஜெர்சி அக்கா

மல்லிகா சொன்னது வரலாறு. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

என்னோடு வேலை பார்த்தவர் வட கரோலினாவில் தன் குடும்ப ஒன்றுகூடலுக்கு என்னையும் கூப்பிட்டார். அங்கே இது பெரிய விஷயம், கல்யாணம் மாதிரி. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டீ-ஷர்ட், முதுகில் குடும்பப் பெயரும் முன்னோர் பெயர்களும். பார்க்கில் மடக்கு நாற்காலிகள், கரியடுப்பில் விலா எலும்பு, அலுமினியத் தட்டில் மேக் அண்ட் சீஸ் (இதை யார் செய்தது என்று விசாரிக்காமல் ஒருவரும் கரண்டியை வைக்கமாட்டார்கள்). சாயங்காலம் ஸ்பீக்கரில் மேஸின் ‘பிஃபோர் ஐ லெட் கோ’ தொடங்கியது. என் பக்கத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த பெரியம்மா தன் தட்டை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீட்டு விளையாடிய ஆண்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். அரை நிமிடத்தில் புல்வெளியில் வரிசை வரிசையாக ஐம்பது பேர். யாரும் அடி சொல்லிக் கொடுக்கவில்லை. ஏழு வயதுப் பையனும் சரியாகத் திரும்புகிறான்.

வேம்புவின் ஆச்சரியம் அவர்களுக்கு இல்லை. அந்தப் பாட்டு உலகத்துக்கே தெரியும் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்றதும் என் தோழி ஃபிராங்கி பெவர்லியைத் தெரியாத ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டதாக அத்தையிடம் சொல்லிச் சிரித்தார். அன்று முழுக்க நான்தான் வேடிக்கைப் பொருள்.

தூறல்

அக்கா, ஏழு வயதுப் பையனுக்கு 2019-ல் பியான்சே அதே பாட்டை மறுபடி பாடியதால் தெரிந்திருக்கலாம் 😀

தொலைக்காட்சிப் பக்கம் நானும் கொஞ்சம் சேர்க்கிறேன். நியூயார்க்கில் ஆறு நண்பர்கள், வேலை, காதல், ஒருவர் வீட்டில் ஒருவர் பிரிட்ஜைத் திறப்பது. உடனே எல்லோரும் ‘ஃபிரெண்ட்ஸ்’ என்பீர்கள். அதற்கு ஒரு வருடம் முன்பே, 1993 ஆகஸ்டில், புரூக்ளினில் ஆறு கறுப்பின நண்பர்களை வைத்து ‘லிவிங் சிங்கிள்’ வந்துவிட்டது. இரண்டையும் எடுத்தது வார்னர் பிரதர்ஸ்தான். கறுப்பின வீடுகள் அதையும் ‘மார்ட்டின்’ தொடரையும்தான் பார்த்தன. தொண்ணூறுகளில் கறுப்பின வீடுகளில் அதிகம் பார்க்கப்பட்ட தொடர்களும் வெள்ளை வீடுகளில் அதிகம் பார்க்கப்பட்டவையும் ஒன்றோடொன்று பெரும்பாலும் ஒட்டவில்லை.

‘லிவிங் சிங்கிள்’, ‘மார்ட்டின்’ இரண்டும் ஃபாக்ஸ் சேனலில் வந்தன. ஃபாக்ஸ் அப்போது புதுக் கடை. பெரிய சேனல்கள் கண்டுகொள்ளாத கறுப்பினப் பார்வையாளர்களைப் பிடித்துத்தான் கால் ஊன்றியது. 1993 டிசம்பரில் அமெரிக்கக் கால்பந்து உரிமை கைக்கு வந்தது. அடுத்த வருடமே ‘இன் லிவிங் கலர்’, ‘ராக்’, ‘சவுத் சென்ட்ரல்’, ‘சின்பேட் ஷோ’ நான்கையும் ஒரேயடியாகத் தூக்கிவிட்டார்கள். ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது என்பது இதுதான். பிறகு 1995 ஜனவரியில் வந்த யுபிஎன், டபிள்யூபி என்ற புதுச் சேனல்கள் இரண்டும் அதே வேலையைத்தான் செய்தன. 2006-ல் இரண்டும் ஒன்றாகின, அந்தத் தொடர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ‘கேர்ள்ஃபிரெண்ட்ஸ்’ எட்டு சீசன் ஓடியும் 2008-ல் முடிவுப் பகுதிகூட எடுக்காமல் நின்றுபோனது.

கணக்கன்

தங்கும் விடுதி விஷயம் புரிகிறது மல்லிகா. ஆனால் சட்டப்படியான பிரிவினை 1960களிலேயே முடிந்துவிட்டதே. அதற்குப் பிறகும் இப்படித் தனி உலகம் ஓடுகிறதென்றால், அவர்களுக்கே அது பிடித்திருக்கிறது என்றுதானே பொருள்? அப்புறம் எதற்குப் புலம்பல்?

பழைய ரெக்கார்டு

பிடித்திருக்கிறது என்பது உண்மை. புலம்பல் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள்.

‘சோல் டிரெய்ன்’ என்ற பாட்டு, நடனத் தொலைக்காட்சி நிகழ்ச்சி இதற்கு நல்ல உதாரணம். டான் கார்னீலியஸ் 1970 ஆகஸ்டில் சிகாகோ உள்ளூர்ச் சேனலில் தொடங்கியது. 1971 அக்டோபரில் நாடு முழுக்கப் போனது, 2006 வரை ஓடியது. பணம் போட்டது ஜான்சன் புராடக்ட்ஸ், ஆஃப்ரோ முடிக்கான ஸ்பிரே விற்ற கறுப்பினக் கம்பெனி. ஆடுபவர், பாடுபவர், நடத்துபவர், விளம்பரத்தில் தலை சீவுபவர் ஏறக்குறைய எல்லாரும் கறுப்பினத்தவர். வெள்ளை இளைஞர்களுக்கான நடன நிகழ்ச்சியை நடத்திய டிக் கிளார்க் 1973-ல் இதே பாணியில் கறுப்பின நிகழ்ச்சி ஒன்றை இறக்கிப் பார்த்தார். கார்னீலியஸ் பக்கம் கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் போன்றவர்கள் நின்றார்கள். அது ஓடவில்லை. எங்கள் கடையை நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்ற பிடிவாதம் அது. வேலியைப் போட்டது ஒருவர், உள்ளே தோட்டம் வைத்தது இன்னொருவர்.

பத்திரிகைகளும் அதே கதை. ஜான்சன் பப்ளிஷிங் 1945-ல் எபனி, 1951-ல் ஜெட் தொடங்கியது. ஜெட் கையடக்கமான வாரப் பத்திரிகை, முடிதிருத்தும் கடைகளில் கிழிந்து தொங்கும். அதில் இந்த வாரம் தொலைக்காட்சியில் எந்தக் கறுப்பினக் கலைஞர் எந்தச் சேனலில் எத்தனை மணிக்கு வருகிறார் என்று பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் என்பதிலேயே எல்லாம் இருக்கிறது.

வேம்பு

இவ்வளவும் படித்த பிறகு எனக்கு உறுத்துவது வேறொன்று. தாண்டிப் போனவர்களுக்கு என்ன ஆனது?

பாடகி விட்னி ஹூஸ்டன் 1988-க்குள் ஹாட் 100-ல் தொடர்ந்து ஏழு முதலிடம் வாங்கியிருந்தார். பெரிய சாதனை. 1989-ல் அதே சோல் டிரெய்ன் விருது விழாவில் பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயரைப் படித்ததும் அரங்கில் ஒரு பகுதி ‘பூ’ என்று கேலிக்கூச்சல் போட்டது. நெவார்க்கில் தேவாலயத்தில் பாடி வளர்ந்த பெண்ணைப் பார்த்து! வெள்ளையருக்கான பாட்டு பாடுகிறாய் என்பது குற்றச்சாட்டு. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

2005-ல் நகைச்சுவைக் கலைஞர் டேவ் சப்பல் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கான 5 கோடி டாலர் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். ஒரு நகைச்சுவைக் காட்சி எடுக்கும்போது தளத்தில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சிரித்த சிரிப்பு தன்னைச் சங்கடப்படுத்தியது என்று பிறகு தொலைக்காட்சிப் பேட்டியாளர் ஓப்ராவிடம் சொன்னார். தன்னோடு சேர்ந்து சிரிக்கிறாரா, தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாரா என்ற சந்தேகம். அப்பல்லோ மேடையில் மாம்ஸ் மேப்லிக்கு அந்தச் சந்தேகம் வரவேண்டியதில்லை.

சிகாகோ மல்லிகா

உள்ளுக்குள் எல்லோரும் ஒற்றுமையாகக் கைகோத்து நின்றார்கள் என்றும் எழுதிவிட வேண்டாம். நாடகமும் படமும் எடுக்கும் டைலர் பெர்ரியைப் பற்றிப் பேச்செடுத்தால் கறுப்பினக் குடும்பத்துக்குள்ளேயே சாப்பாட்டு மேசை இரண்டாகும்.

அவர் நியூ ஆர்லியன்ஸ்காரர். 1992-ல் போட்ட முதல் நாடகம் படுதோல்வி. 1998-ல் அதே நாடகம் பிடித்துக்கொண்டது. தேவாலயப் பெண்கள் பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள். கைப்பையில் துப்பாக்கி வைத்திருக்கும் மடியா என்ற கிழவி வேஷத்தை அவரே போடுவார். 2005-ல் முதல் படம் வந்தபோது ஹாலிவுட்டில் பலருக்கு ஆளே யாரென்று தெரியவில்லை. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். முதல் வாரமே வசூலில் முதலிடம், மொத்தம் 50 மில்லியன் டாலர். செலவு 5.5 மில்லியன்.

2009-ல் கறுப்பினத் திரைப்பட இயக்குநர் ஸ்பைக் லீ இதெல்லாம் பழைய கோமாளிக் கூத்து, நம்மை நாமே கேவலப்படுத்திக்கொள்வது என்றார். 2011-ல் பெர்ரி பதிலுக்கு அவர் நரகத்துக்குப் போகட்டும் என்றார். ஆனால் 2019-ல் அட்லாண்டாவில் பழைய ராணுவ முகாமில் 330 ஏக்கரில் பெர்ரி தன் ஸ்டுடியோவைத் திறந்தபோது, ஒரு படப்பிடிப்புத் தளத்துக்கு வைத்த பெயர் ஸ்பைக் லீ. லீ திறப்பு விழாவுக்கும் வந்திருந்தார்.

என் கட்சி? மடியா படங்கள் எனக்கு உட்கார முடியாது. ஆனால் அந்தப் பஸ்ஸில் வந்த பெண்களை வேறு யாரும் பார்வையாளர்களாகவே எண்ணவில்லை என்பதையும் மறுக்க முடியாது.

தூறல்

இன்னொரு கேள்வி. நைஜீரியாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் என் கல்லூரியில் நிறைய. அவர்களுக்கும் மேஸ் தெரியாது, ஜெட் தெரியாது. “இது தெரியவில்லையா, உன் கறுப்பின அட்டையைப் பிடுங்க வேண்டும்” என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள், ஆனால் வாங்கிக்கொள்பவருக்கு எப்போதும் சிரிப்பாக இருக்காது.

ஜெர்சி அக்கா

உண்மைதான் தம்பி. தோல் நிறத்தோடு தானாக வந்துவிடும் சமாச்சாரம் இல்லை இது. அந்தப் புல்வெளியில் வளர்ந்திருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் அந்த வரிசை நடனங்களில் எல்லாக் கல்யாணத்திலும் ஆடும் எலக்ட்ரிக் ஸ்லைடு இருக்கிறதே, அதற்குப் போடும் பாட்டு ஜமைக்காவிலிருந்து வந்தது. எழுதியவர் பன்னி வெய்லர், பாடியவர் மார்சியா கிரிஃபித்ஸ். ஆகவே கதவு முழுக்கச் சாத்தியதும் இல்லை.

இப்போது இணையத்தால் சுவர் கொஞ்சம் கரைந்துவிட்டது. நற்செய்திப் பாடகி ஷெர்லி சீசர் 1988 வாக்கில் சொன்ன ஒரு பிரசங்கத் துண்டில் பீன்ஸ், கீரை, உருளைக்கிழங்கு, தக்காளி என்று அடுக்குவார். 2016 நன்றி கூறும் நாளையொட்டி யாரோ அதற்குத் தாளம் சேர்த்துவிட, நாடே ஆடியது. தேவாலயப் பாட்டிகளுக்கு அவர் ஏற்கெனவே மகாராணி. 2020-ல் பாடகிகள் எரிக்கா பாடு, ஜில் ஸ்காட் இருவரும் இன்ஸ்டாகிராமில் மாறி மாறிப் பாட்டுப் போட்டபோதும் நேரலையில் லட்சக்கணக்கான பேர். கருத்துப் பெட்டியைப் படித்திருந்தால் குடும்ப ஒன்றுகூடல் தோற்றுவிடும்.

கணக்கன்

சரி, ருசி மட்டும்தான் என்று சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ஆனால் பணம் வந்தால் எல்லாச் சேனலும் பின்னாலேயே ஓடிவரும் என்ற என் கட்சியில் மாற்றமில்லை.

பழைய ரெக்கார்டு

ஓடி வரும், தாமதமாக. தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்டீவ் ஹார்வி, டி.எல். ஹியூக்லி, செட்ரிக், பெர்னி மேக் என்ற நகைச்சுவைக் கலைஞர்கள் நான்கு பேரும் சேர்ந்து கூடைப்பந்து அரங்குகளை நிரப்பினார்கள். பெரிய பத்திரிகைகளில் அதிகம் சத்தமில்லை. 2000-ல் ஸ்பைக் லீ அவர்களின் சார்லட் நிகழ்ச்சியைப் படமாக்கினார். 38 மில்லியன் டாலர் வசூல். அதில் பெர்னி மேக் மேடையில் நின்று, இந்த மூவருக்கும் தொலைக்காட்சித் தொடர் கிடைத்தது, என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று பொரிந்து தள்ளுவார். அப்புறம் அக்கா பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கும் கதையைச் சொல்வார். மறு வருடம் அந்தக் கதையையே தொடராக்கி அவருக்குக் கொடுத்தார்கள். எந்தச் சேனல் தெரியுமா? 1994-ல் நான்கு தொடர்களைத் தூக்கிய அதே ஃபாக்ஸ்.

கணக்கன்

அப்படியானால் என் கட்சிக்குத்தானே சாட்சி சொல்கிறீர்கள்? படம் எங்கே கிடைக்கும் என்று போடுங்கள். பார்த்துவிட்டு வந்து மிச்சச் சண்டையைப் போடுகிறேன்.